நிறுவியதை நீக்குதல்: தட்டு, எழுத்து, தோல், சந்தேகம்

1

தூத்துக்குடி ஸ்டூடியோக்காரர்கள் ‘நிறுவுதல்’ என்று சொல்வதில்லை. ‘சாப்ட்வேர் ஏத்துறது’ என்பார்கள், உப்பு மூட்டையை லாரியில் ஏற்றுவதுபோல. எடுப்பதற்குத் ‘தூக்குறது’ என்று பெயர். ‘அதைத் தூக்கிட்டு வேற ஏத்து.’ ஏற்றியதை இறக்கிவிட்டால் லாரி காலி என்கிற நம்பிக்கை இந்தப் பேச்சில் இருக்கிறது. கலைச்சொல்லாக்கக்காரர்கள் கொடுத்த சொல் வேறு: நிறுவல், நிறுவல் நீக்கம். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சொல் பொருத்தமாக விழுந்துவிட்டது. நிறுவு என்றால் நிலைநாட்டு. நிறுவு என்றால் மெய்ப்பி. இதே வேரிலிருந்துதான் நிறுவனமும் வருகிறது. ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது ஒரு நிறுவனம் நம் மேஜைமேல் வந்து உட்கார்ந்து, பார்ப்பது எப்படி, அழகு எது என்பதற்குத் தன் விதிகளை நிலைநாட்டுகிறது. இதை மூட்டை இறக்குவதுபோல இறக்கிவிட முடியுமா?

போட்டோஷாப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து முழுசாக அகற்றுவது எப்படி என்று கேட்டால் எந்தச் சர்வீஸ் கடைப் பையனும் கொஞ்ச நேரத்தில் செய்து காட்டிவிடுவான். நான் பேச வந்தது ‘முழுசாக’ என்கிற அந்தச் சொல்லைப் பற்றி மட்டும்தான்.

மூடுவதற்கும் அகற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். முத்துப்பாருக்குப் போய் மூச்சடக்கிச் சிப்பி எடுத்த தொழில் இன்று இல்லை. ஆனால் ‘முத்துநகர்’ போகவில்லை. சென்னை ரயில் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்ட பிறகு, 28ஆம் தேதி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்குச் சீல் வைத்தார்கள். சீல் வைக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. வைத்த சீல் செல்லும் என்று உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய 2024 பிப்ரவரி 29 ஆயிற்று. ஏறக்குறைய ஆறு வருஷம். சீல் வைத்ததும் போராட்டம் முடிந்தது என்று எவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆலையை இயக்குகிற அதிகாரம் எங்கெங்கே வேர் விட்டிருக்கிறது என்று மக்களுக்குத் தெரியும்.

அதே விழிப்பை நம் மேஜைமேல் இருக்கிற பெட்டியிடம் நாம் காட்டுவதில்லை. துண்டறிக்கையும் அஞ்சலித் தட்டியும் சிறுபத்திரிகை அட்டையும் எந்தக் கருவியில் தயாராகின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உள்ளடக்கம் புரட்சிகரமாக இருந்தால் போதும், கருவி நடுநிலையானது என்கிற பழைய எண்ணத்திலிருந்து நாம் இன்னும் வெளியே வரவில்லை.

போட்டோஷாப் நான்கு இடங்களில் தங்குகிறது. தட்டில், எழுத்தில், தோலில், சந்தேகத்தில். முதல் இடத்திலிருந்து மட்டும்தான் ‘அன்இன்ஸ்டால்’ பட்டன் அதை எடுக்கிறது. அதையும் பாதிதான் எடுக்கிறது.

2

முதலில் தட்டு. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்கோ செட்டிங்ஸுக்கோ போய் ‘அன்இன்ஸ்டால்’ அழுத்துகிறீர்கள். உங்கள் விருப்ப அமைப்புகளை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று அது கேட்கிறது. பெரும்பாலானவர்கள் ‘இருக்கட்டும்’ என்று அழுத்துகிறார்கள். மறுபடி வருவோம் என்கிற எண்ணம் அகற்றும்போதே வந்துவிடுகிறது. நீக்கு என்று அழுத்தினாலும் ‘காமன் ஃபைல்ஸ்’ கோப்புறையில் பொதுப் பாகங்கள் இருக்கும். மறைத்து வைக்கப்பட்ட ‘ஆப்டேட்டா’வில் கோப்புகள் இருக்கும். ‘ரெஜிஸ்ட்ரி’ என்கிற பதிவேட்டில் பெயர் இருக்கும். நீங்கள் வைத்திருப்பது அசல் பிரதிதானா என்று பின்னணியில் வேவு பார்க்கிற சேவை ஒன்று தனியாக நிறுவப்பட்டிருக்கும். அதைத் தனியாகத்தான் எடுக்கவேண்டும். மற்ற மென்பொருள்களை ஆள்கிற ‘கிரியேட்டிவ் கிளவுட்’ என்கிற தலைமை மென்பொருளை, அதன்கீழ் உள்ளவை எல்லாம் போன பிறகுதான் எடுக்கமுடியும். மேக் கம்ப்யூட்டரில் ஐகானைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப்போட்டால் தீர்ந்தது என்பதும் பொய். ‘லைப்ரரி’க்குள் மிச்சம் கிடக்கும். இவற்றையெல்லாம் துடைப்பதற்காக அடோபி நிறுவனமே ‘கிளீனர் டூல்’ என்று ஒன்றைத் தருகிறது. தன்னை அகற்றுவதற்கு இன்னொன்றை இறக்கிக்கொள்ளச் சொல்கிற மென்பொருள் இது.

திரேஸ்புரத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய ஸ்டூடியோவில் இந்த வேலை நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேலை செய்த தம்பி எல்லாவற்றையும் தூக்கிவிட்டுக் கடைசியில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்கிற ஒரு சின்னக் கோப்பைத் திறந்தான். முப்பது, நாற்பது வரிகள். எந்தக் காலத்திலோ யாரோ திருட்டுப் பிரதி ஏற்றியபோது, கம்பெனிக் கம்ப்யூட்டரோடு இந்தக் கம்ப்யூட்டர் பேசிவிடக் கூடாது என்று எழுதிவைத்த தடைகள். மென்பொருளின் மூன்று தலைமுறைகள் வந்து போய்விட்டன, தடுப்பு அப்படியே கிடந்தது.

‘இது எப்ப எழுதுனது அண்ணாச்சி?’

‘யாரு கண்டா. சிடி போட்டு ஏத்துன காலம். ஏத்துனவன் கல்ஃப்ல இருக்கான்.’

ஆள் போன பிறகும் அவன் எழுதிய வரிகள் பெட்டியின் நடத்தையைத் தீர்மானித்துக்கொண்டே இருந்தன. கருத்துநிலை எப்படிச் செயல்படுகிறது என்று விளக்க அல்துஸ்ஸரைப் புரட்ட வேண்டியதில்லை. இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் போதும்.

நம் பக்கம் அகற்றுவது இவ்வளவு சிரமம் என்றால், அவர்கள் பக்கம் எப்படி? 2013 ஜனவரியில் சிஎஸ்2 என்கிற பழைய பதிப்பை உயிர்ப்பிக்கிற சர்வரை அடோபி நிறுத்தியது. அதே வருஷம் மே மாதம், இனிமேல் புதுப் பதிப்புகளை விற்கமாட்டோம், வாடகைக்குத்தான் விடுவோம் என்று அறிவித்தது. 2019 மே மாதம், வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே, நீங்கள் வைத்திருக்கிற பழைய பதிப்பைப் பயன்படுத்த உரிமை இல்லை என்று கடிதம் போனது. அதே வருஷம் அக்டோபரில், அமெரிக்க அரசின் ஓர் ஆணையைக் காரணம் காட்டி, வெனிசுலா நாட்டிலுள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அறிவித்தார்கள். மாதக் கடைசியில் அரசிடம் அனுமதி பெற்று அதைத் திரும்பப் பெற்றார்கள். நடந்துமுடியவில்லை என்றாலும் நடக்கக்கூடியது என்று காட்டிவிட்டது. ஒரு முழு நாட்டின் மேஜைகளிலிருந்தும் ஒரே அறிவிப்பில் தூக்கிவிடலாம்.

எதிர்த்திசையைப் பாருங்கள். வருஷ ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் மிச்ச மாதத் தொகையில் பாதியைக் கட்டவேண்டும் என்பதை மறைத்தார்கள், வெளியேறுகிற வழியைச் சிக்கலாக்கினார்கள் என்று குற்றம்சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசே அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. ஆக, அவர்கள் நம்மை அகற்ற ஒரு கடிதம் போதும். நாம் அவர்களை அகற்ற கிளீனர் டூலும் கட்டணமும் வேண்டும். ‘முழுசாக’ என்கிற சொல்லின் அரசியல் இந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. கருவியின் சொந்தக்காரன் யார் என்பதை அதை உபயோகிக்கும்போது தெரிந்துகொள்ள முடியாது. விடும்போதுதான் தெரியும்.

திருட்டுப் பிரதி வைத்திருப்பதையே ஒரு கலகமாகப் பேசுகிற தோழர்கள் உண்டு. ‘ஏகாதிபத்தியக் கம்பெனிக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருஷமாகத் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களும் டிடிபி மையங்களும் காசு கொடுக்காமல் செய்தது என்ன? ஒரு தலைமுறையின் கைவிரல்களை அந்தக் கம்பெனியின் குறுக்குவழிச் சாவிகளுக்குப் பழக்கிக் கொடுத்தது. காசில்லாமல் கொடுத்த பயிற்சி அது. விரல் பழகிய பிறகு வாடகை வசூல் தொடங்கியது.

3

இரண்டாவது, எழுத்து. இதை நம் வாசகர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும், ஏனென்றால் போகப்போவது நம்முடைய ஆவணங்கள்.

போட்டோஷாப்பில் செய்த வேலை பி.எஸ்.டி. என்கிற கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இதில் அடுக்குகள் உண்டு. கீழே படம், அதன்மேல் வண்ணம், அதன்மேல் எழுத்து. மென்பொருளை எடுத்துவிட்டால் கோப்பு அழியாது, தட்டில் அப்படியே இருக்கும். திறக்கத்தான் ஆள் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்கிற கட்டற்ற மென்பொருள் இந்தக் கோப்புகளைத் திறக்கும். 2025 மார்ச்சில் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முன்பைவிட நன்றாகவே திறக்கிறது. ஆனாலும் சில அடுக்குகள் வெறும் படமாகச் சமைந்துவிடும், சில விளைவுகள் காணாமல் போகும்.

தமிழுக்கு இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. ரொம்ப காலம் போட்டோஷாப் யூனிகோடுத் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதனால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவை வைத்து வேலை பார்த்தோம். இவை செய்வது ஒரு தந்திரம். கம்ப்யூட்டர் தன்னிடம் இருப்பது ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் தமிழ் உருவம் தெரியும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்கிற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு போய்விட்டால் தமிழும் போச்சு. மென்பொருளைத் தூக்கும்போது ‘கம்ப்யூட்டரையே பார்மட் அடிச்சிரு’ என்று சொல்கிறவர்கள், அந்த எழுத்துருவையும் சேர்த்தே தூக்குகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். உப்பளத் தொழிலாளர் கூலிக் கோரிக்கைத் துண்டறிக்கை, மீனவர் சங்க மாநாட்டுச் சுவரொட்டி, கடலில் போய்த் திரும்பாதவனுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி, பனிமய மாதா திருவிழாத் தட்டி. இவற்றின் மூலக்கோப்புகள் எந்த நூலகத்திலும் இல்லை, ஸ்டூடியோக்காரர் தட்டில்தான் இருக்கின்றன. இந்தக் கரையைப் பற்றிக் காலனிய அரசு எழுதிவைத்தது பத்திரமாக இருக்கிறது. ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914இல் போட்ட புத்தகத்தை இன்றும் எடுத்துப் படிக்கலாம். கரைக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே அச்சடித்துக்கொண்டது, 2003இல் போட்டது, இன்று திறக்கவில்லை. ஆவணக் காப்பகம் எப்போதும் அதிகாரத்தின் பக்கம்தான் சாயும் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் கைப்பிடியில் இருந்த காப்பகத்துக்கு நாம் என்ன செய்தோம்?

இது விதி ஒன்றும் இல்லை. கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கியபோது அங்கேயும் தனியுடைமை மென்பொருள்தான். ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் சண்டை போட்டார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே பாடப்புத்தகத்தில் படத் திருத்தம் கற்றுக்கொடுக்க வருவது கிம்ப். பட்டன் அழுத்தி எடுத்ததல்ல அது. ஆசிரியருக்குப் பயிற்சி, மலையாள எழுத்துரு, பாடப்புத்தகம், தேர்வு எல்லாவற்றையும் கூடவே மாற்றினார்கள். தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது. அச்சகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் பழைய எழுத்துருதான் தொடர்ந்தது. ஆணையால் ஏற்றலாம். பழக்கத்திலிருந்து இறக்குவதற்கு இயக்கம் வேண்டும்.

4

மூன்றாவது, தோல். இங்கேதான் விஷயம் நமக்கு அசௌகரியமாகிறது.

தாமஸ் நோல், ஜான் நோல் என்கிற சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் கடைக்கு வந்தது. அதற்கு முன்பு அதைச் செய்துகாட்ட அவர்கள் எடுத்துப்போன படம், பிரெஞ்சுப் பாலினேசியாவின் போராபோரா கடற்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘சொர்க்கத்தில்’ என்று அதற்குத் தலைப்பு. அந்தப் படத்தில் அவளைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் இன்னொருத்தியாக வைத்துக்காட்டுவார்கள். அதே பாலினேசியத் தீவுக்கூட்டத்தில் 1966 முதல் 1996 வரை பிரான்ஸ் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. முருரோவா பவளத்திட்டு அதற்குப் பலியானது. கரையைச் சொர்க்கமாக்கிக் காட்டுகிற பார்வையும் கரையைக் கழிவிடமாக்குகிற அதிகாரமும் ஒரே கடலில் இருந்தன. அனல்மின் நிலையச் சாம்பலும் தாமிர ஆலைப் புகையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டாம்.

ஆனால் வெளுப்பாக்குகிற வேலையைப் போட்டோஷாப்தான் கொண்டுவந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டூடியோவில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, பின்னால் வெளிச்சம் விட்டு, கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கன்னக்குழி, வெயில் கறுப்பு, அம்மைத் தழும்பு எல்லாம் போகும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிமில் எடுத்தாலும் அதுதான், வெளிநாட்டு ஃபிலிமில் எடுத்தாலும் அதுதான். கலர் வந்தபோது கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி’ அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரி என்று அர்த்தம். உப்பளத்தில் வெயில் மேலேயும் உப்பின் பளபளப்பு கீழேயுமாக நாள் முழுக்க நிற்கிறவளின் தோல் அந்த அட்டையில் இல்லை. போட்டோஷாப் இந்த வரிசையில் கடைசியாக வந்தது. பென்சில் பிடிக்கத் தெரிந்த கைக்கு இருந்த தயக்கத்தை எடுத்துவிட்டு, ‘ஆக்‌ஷன்’ என்று ஒரே தட்டலில் நூறு முகத்தையும் ஒன்றுபோல வெளுக்கச் செய்தது.

இதை வைத்துக்கொண்டு ஸ்டூடியோக்காரரைத் திட்டுவது சுலபம். பானான் 1952இல் எழுதிய புத்தகத்தை நீட்டி, பார், கறுப்புத் தோலுக்கு வெள்ளை முகமூடி போடுகிறாய் என்று பிரசங்கம் பண்ணலாம். நான் அதற்குத் தயாரில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்க ஒரு படம், அதுவும் கடன் வாங்கிக்கொண்டு வருகிற அளத்துக்காரர், ‘கொஞ்சம் கலரா எடுத்துக் குடுங்க அண்ணாச்சி’ என்று கேட்கிறார். அவர் அழகியலைப் பேசவில்லை, நகைக் கணக்கைப் பேசுகிறார். கறுப்புக்குக் கூடுதல் பவுன் கேட்கிற சந்தையில் அந்தப் படம் ஒரு பேரம். இன்னொன்றும் உண்டு. வாழ்நாள் முழுக்க எவரும் ஏறெடுத்துப் பார்க்காத முகத்துக்கு, ஒருமுறையாவது விளக்குப் போட்டு, திருத்தி, பெரிசாக அச்சடித்து நடுவீட்டில் மாட்ட உரிமை உண்டு. டச்சிங் போடாத படம்தான் நேர்மையானது என்று சொல்வது, சாதாரணமாகவே நன்றாகப் படம் பிடிக்கப்படுகிறவர்களின் ஆடம்பரம்.

ஆகவே கேள்வி, திருத்தலாமா கூடாதா என்பது அல்ல. எந்த அளவுகோலுக்குத் திருத்துகிறோம், அந்த அளவுகோலை யார் வைத்தது என்பதுதான். மென்பொருளைத் தூக்கிவிட்டு கிம்ப் ஏற்றிக்கொண்ட ஸ்டூடியோவிலும் முகங்கள் வெளுத்துக்கொண்டே இருந்தால் என்ன அகற்றப்பட்டது? இன்றைக்குச் செல்போன் கேமராவே எடுக்கும்போதே வழவழப்பாக்கிவிடுகிறது. திருத்தப்படாத படம் என்று ஒன்று பிறக்கவே இல்லை. போட்டோஷாப் பெட்டியிலிருந்து வெளியேறிக் கண்ணாடிக்குள் போய்விட்டது.

ஆனாலும் கருவியை விரட்டியவர்கள் இருக்கிறார்கள். 1970இல் பாஸ்டன் பக்கம் போலராய்டு கம்பெனியில் வேலைபார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் கரோலின் ஹன்ட்டரும் கென் வில்லியம்ஸும், தங்கள் கம்பெனியின் உடனடிப் படம் தென்னாப்பிரிக்க அரசு கறுப்பர்களுக்குத் திணிக்கும் பாஸ் புத்தகத்துக்குப் பயன்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். புரட்சிகரத் தொழிலாளர் இயக்கம் என்று அமைத்து, கம்பெனியைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வேலை போயிற்று. கம்பெனி முதலில் சீர்திருத்தம், நல்ல சம்பளம், நன்கொடை என்று பேசியது. 1977இல்தான் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஒரு படக்கருவியை ஓர் அரசின் கையிலிருந்து எடுக்க ஏழு வருஷம். ‘முழுசாக’ என்பதற்கு இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வேன்.

5

நான்காவது, சந்தேகம். எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்.

‘போட்டோஷாப் பண்ணிட்டான்’ என்றால் தமிழில் இன்று பொய் சொல்லிவிட்டான் என்று பொருள். ஒரு கம்பெனியின் சரக்கு நம் மொழியில் வினைச்சொல்லாகிவிட்டது. எந்தக் கிளீனர் டூலும் இதைத் துடைக்காது. இந்த வினைச்சொல் யாருக்கு உதவுகிறது? 2018 மே 22 அன்று, சீருடை இல்லாமல் வண்டிமேல் ஏறி நின்று துப்பாக்கி பிடித்த ஆளின் படம் உலகம் முழுக்கப் போனது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். படத்துக்கு அரசு அவ்வளவு பயந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, சுட்டதில் முறை இல்லை என்று அதில் இருந்தது. படங்கள் சாட்சிகளாக நின்ற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ‘அது மார்பிங்’ என்று ஒரே வார்த்தையில் எந்தப் படத்தையும் கொல்ல முடியும் என்றால், ஆதாயம் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான்.

இதில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. போட்டோஷாப்பில் ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தை மட்டும் கூட்டி, சேமித்தால்கூட, படத்தின் உள்தகவலில் தன் பெயரை எழுதிவிடும். மென்பொருளை அகற்றினாலும் அந்தப் பெயர் படத்துக்குள் இருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு ‘ஹாஷ்’ என்கிற கைரேகை எண்ணையும் தரவேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறும். அழகுக்காகத் தொட்ட படம் சாட்சிக் கூண்டில் ஏற முடியாமல் போகலாம். பழைய பென்சில் டச்சிங் ஒரு விதத்தில் நேர்மையானது. நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தால் பென்சில் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், 2019இல் அதே அடோபிதான் படங்களின் நம்பகத்தன்மைக்கு ஒரு முன்முயற்சியைத் தொடங்கியது. படம் எங்கே எடுக்கப்பட்டது, எப்படித் திருத்தப்பட்டது என்று படத்துக்குள்ளேயே முத்திரை குத்துவதற்கு. முத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, உபயோகப்படலாம். ஆனால் சந்தேகத்தை விற்றவன் நம்பிக்கையையும் விற்க வருகிறபோது, நம் சாட்சியத்தின் சாவியை அவனிடம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியாது.

6

சரி, என்னதான் பண்றது? தத்துவம் பேசிவிட்டு நழுவுகிற வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. நான் ஒரு வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளைத் தூக்குவது கடைசி வேலை. முதலில் மூலப்படங்கள். கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ வந்த கோப்பை எதிலும் திறந்து சேமிக்காமல், அப்படியே இரண்டு இடத்தில் பிரதியெடுத்து, ஹாஷ் எண்ணைக் குறித்து வையுங்கள். திருத்துவது எப்போதும் பிரதியில்தான். இரண்டாவது, பி.எஸ்.டி. கோப்புகள். மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் திறந்து, டிஃப் அல்லது பி.என்.ஜி. ஆகவும் ஒரு பிரதி எடுங்கள். எந்த எழுத்துரு என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். மூன்றாவது, எழுத்து. அடுக்கிலிருந்து வாசகத்தை வெளியே எடுத்து யூனிகோடாக மாற்றிச் சாதாரண உரைக்கோப்பாக வையுங்கள். சுவரொட்டி போனாலும் வாசகம் நிற்கும். நான்காவதாக, கணக்கிலிருந்து வெளியேறி, ஒப்பந்தத்தை முறித்து, அதற்கான ரசீதை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அன்இன்ஸ்டால். விருப்ப அமைப்பையும் சேர்த்து நீக்குங்கள். கிளீனர் டூல், வேவுச் சேவை, தற்காலிகக் கோப்புகள், ஹோஸ்ட்ஸ் கோப்பின் பழைய வரிகள் என்று ஒவ்வொன்றாகத் துடையுங்கள். இதைத் தனி ஆளாகச் செய்தால் ஒரு பெட்டி சுத்தமாகும், அவ்வளவுதான். பத்து ஸ்டூடியோக்காரர்களும் நான்கு சங்கங்களும் சேர்ந்து செய்தால் அது ஒரு காப்பகம்.

தோலும் சந்தேகமும் இந்த வரிசையில் இல்லை. அவற்றுக்குப் பட்டன் கிடையாது. கறுப்புக்குக் கூடுதல் பவுன் கேட்கிற கல்யாணச் சந்தை இருக்கிறவரைக்கும் எந்த மென்பொருள் வந்தாலும் வெளுக்கத்தான் செய்யும். சாட்சி சொல்கிற படத்தைப் பொய் என்று சொல்லித் தப்பிக்க முடிகிறவரைக்கும் அந்த வினைச்சொல் நம் வாயில் இருக்கத்தான் செய்யும். இந்த இரண்டிலும் நாம் செய்யக்கூடிய காரியங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன. அடுத்த அஞ்சலித் தட்டி அடிக்கும்போது செத்தவரின் நிறத்தை மாற்றாமல் அடியுங்கள் என்று ஸ்டூடியோவில் போய்ச் சொல்வது அவற்றில் ஒன்று. ‘மார்பிங்’ என்று சொல்கிறவனிடம், மூலக்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘காட்டு, எங்க மாத்தியிருக்கு?’ என்று கேட்பது இன்னொன்று. அதற்கு மூலக்கோப்பு நம்மிடம் இருந்தாக வேண்டும்.